இரண்டாவது அச்சு

மதியம் ஒன்று பத்துக்கு லிஃப்ட் ஐந்தாவது மாடியில் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஸ்டூல் மட்டும் இருந்தது. அதன்மேல் நான்காக மடித்த ஒரு துண்டு.

சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றிருந்த பொம்மையக்கா, கதவு தானாக மூடிக்கொள்வதைப் பார்த்தாள். பதினான்கு வருடமாக இந்த நேரத்துக்கு அந்த ஸ்டூலிலிருந்து லிஃப்டக்கா எழுந்து வருவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேல வந்துட்டேன், இனிமே யாரு கூப்பிட்டாலும் கீழ போக மாட்டேன்" என்பாள். இன்றைக்கு வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் கால் வந்து நின்றுவிட்டது.

லிஃப்டக்கா இரண்டாவது மாடியில் ஆபரேஷன் மேஜையில் இருந்தாள். பித்தப்பையில் கல். பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றில் நான்கு சின்ன ஓட்டை, ஒரு மணி நேர வேலை, மறுநாள் வீடு. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கணக்குப்படி பன்னிரண்டுக்கு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததும் அவள் மகள் மேலே வந்து சொல்வதாகப் பேச்சு.

பொம்மையக்கா தனியாக உட்கார்ந்து பாதி சாப்பிட்டாள். டப்பாவை மூடி வைத்தாள்.

ஐந்தாவது மாடியில் நோயாளிகள் கிடையாது. நீளமான ஒரு கூடம். அதில் ஆறு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கேமரா, வெளியே ஒரு திரை. மூடியில் இரண்டு துளைகள். துளைகள் வழியாக இரண்டு நீளக் கம்பிகளை உள்ளே விட்டு, கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். கை வலப்பக்கம் போனால் உள்ளே கம்பியின் முனை இடப்பக்கம் போகும். அறுவை சிகிச்சை படிக்க வரும் இளம் டாக்டர்கள் மனித வயிற்றைத் தொடுமுன் இங்கே ரப்பர் வளையங்களைக் குச்சிகளில் மாட்டக் கற்றுக்கொள்வார்கள். பிறகு துணியில் வரைந்த வட்டத்தைக் கோடு மீறாமல் வெட்டுவார்கள். பிறகு முடிச்சு. முதல் வாரத்தில், படிப்பில் புலிகள் எல்லாம் வளையத்தைக் கீழே போட்டுவிட்டு அசடு வழிவதை அவள் வருடா வருடம் பார்த்திருக்கிறாள்.

கடைசியாக வருவது பொம்மை. அது அவளுடைய வேலை. கல்லீரலுக்குச் சிலிக்கான் கூழில் சிவப்பும் பழுப்பும் கலந்து அச்சில் ஊற்றுவாள். அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பைக்குப் பச்சை. பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் இறங்கி, கல்லீரலிலிருந்து வரும் பெரிய குழாயில் போய்ச் சேரும். பக்கத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய். குழாய்களுக்குள் பச்சைத் தண்ணீர். எல்லாவற்றையும் மூடி, கொழுப்பு மாதிரி மஞ்சளாக ஒரு படலம். டாக்டர் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, எது எந்தக் குழாய் என்று கண்ணால் பார்த்துத் தெளிந்த பிறகுதான் சின்னக் குழாயில் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பெரிய குழாயை வெட்டினால் பெட்டியின் அடி முழுக்கப் பச்சை பரவும். அன்றைக்கு மதிப்பெண் சுழி. பெரிய குழாய் போனால் மனிதருக்கு என்ன ஆகும் என்று அவளிடம் யாரும் விளக்கியதில்லை. சுழி போடுகிறார்கள் என்பதிலிருந்தே அவள் புரிந்துகொண்டிருந்தாள்.

அச்சுகள் இரண்டு. முதல் அச்சில் எல்லாம் படத்தில் இருப்பதுபோல இருக்கும். சின்னக் குழாய் நீளமாக, தனியாக, சாய்ந்து இறங்கும். இரண்டாவது அச்சில் சின்னக் குழாய் இருப்பதே தெரியாது. பை, பெரிய குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பையைத் தூக்கி இழுத்தால் பெரிய குழாயும் கூடவே எழுந்துவந்து, என்னை வெட்டு என்று நிற்கும். சில பேருக்கு உள்ளே அப்படி அமைந்திருக்குமாம். பத்துப் பொம்மைக்கு ஒன்று இரண்டாவது அச்சிலிருந்து கொடுக்க வேண்டும், எது எதுவென்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது கூடத்தின் விதி. யாருக்கு எந்த நாளில் எந்த அச்சு என்று நோட்டில் எழுதுவதும் அவள்தான். 1 அல்லது 2. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

தம்மு அந்தக் கூடத்துக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் கம்பியைப் பிடித்தால் தம் கட்டிவிடுவான். முகம் சிவந்து, காது சிவந்து, கடைசியில் புஸ்ஸென்று விடுவான். கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற டாக்டர்கள் அவளை "இந்தாம்மா" என்பார்கள், மரியாதை தெரிந்தவர்கள் "மேடம்" என்பார்கள். இவன் முதல் நாளே "அக்கா" என்றான். பொம்மை செய்வதால் பொம்மையக்கா. பிறகு எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று. வேலை முடிந்ததும் வெட்டிய பொம்மையைக் கழுவி, துடைத்து, அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

அவன் கை நடுங்கும். நேரம் வைத்து நடக்கும் பரீட்சையில் பொம்மையைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். முதல் தடவை பதினேழு நிமிடம் ஆயிற்று. இரண்டாம் தடவை பதினைந்து. மூன்றாவது தடவையும் போனால் வேறு துறைக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பெட்டிமுன் நிற்க ஆரம்பித்தான். அவளும் லிஃப்டக்காவும் ஒரு மூலையில் சாப்பிடுவார்கள். அவன் இன்னொரு மூலையில் தம் கட்டிக்கொண்டிருப்பான்.

"தம்பி, மூச்ச விடுப்பா. உன்னைப் பாத்தா எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது" என்பாள் லிஃப்டக்கா.

ஒருநாள் இரண்டாவது அச்சு அவனுக்கு வந்தது. பெட்டியின் அடி பச்சையாயிற்று. அவன் கம்பியை வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. கழுவி எடுத்துக்கொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அக்கா, பரீட்சைக்கு வர்றது ஒண்ணாவது அச்சுதானே?"

"ஆமா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தானே நேரத்த ஒப்பிட முடியும்."

"அப்ப எனக்கு அதையே குடுங்கக்கா. நேரம் மட்டும் வந்துட்டா போதும். அப்புறம் மத்ததைப் பழகிக்கறேன்."

அவள் யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் முதுகு ஜன்னலருகே நின்றது கண்ணிலேயே இருந்தது. சரி என்றாள். நோட்டில் மட்டும் அவன் பெயரில் விதிப்படி ஒவ்வொரு பத்தாவது வரியிலும் 2 என்று எழுதினாள். இரண்டாவது அச்சிலிருந்து அவனுக்கு வரவேண்டியவை மற்றவர்களுக்குப் போயின.

மூன்றாவது பரீட்சையில் பத்து நிமிடம் இருபது விநாடி. அந்த வருடத்தில் யாரும் அவ்வளவு வேகமாக முடிக்கவில்லை. துறைத்தலைவியே கை கொடுத்தாள். தம்மு மேலே ஓடி வந்து, "அக்கா, பத்து இருபது" என்றான். அதன் பிறகும் வந்தான். நேரம் இன்னும் குறைந்துகொண்டே வந்தது. படலத்தை முழுசாக விலக்காமலே குழாய் எங்கே இருக்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போய் கிளிப் போட்டான். பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் பழகிக்கொள்கிறேன் என்றது அவனுக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை.

போன மாதம் லிஃப்டக்காவுக்கு வலி வந்து, ஸ்கேன் எடுத்து, தேதி குறித்த பிறகு, சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"தம்முதான் பண்ணப் போறானாமே. பெரிய டாக்டர், நம்ம பெரியவர், பக்கத்துல நிப்பாராம். என்ன சொல்ற அஞ்சாவது?"

லிஃப்டக்கா எல்லோரையும் மாடி எண்ணால்தான் கூப்பிடுவாள். துறைத்தலைவிகூட அவளுக்கு மூணாவதுதான்.

"வேணாம்னா சொல்லிடலாம். பெரியவரே பண்ணட்டும்னு கேக்கலாம்" என்றாள் பொம்மையக்கா.

"நீ சொல்லு. நீதான் அவன் கையைத் தெனமும் பாக்கறவ."

"நூத்தி அறுபது பொம்மைக்கு மேல பண்ணியிருக்கான். இங்க அவன் மாதிரி கை யாருக்கும் கெடையாது. நானா இருந்தா அவன்கிட்டதான் படுப்பேன்."

"நூத்தி அறுபதா?" லிஃப்டக்கா சிரித்தாள். "அத்தனை தடவை நான் ஒரு நாளைக்கு மேலயும் கீழயும் போறேன். இன்னிக்கு வரைக்கும் இந்த லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். லிஃப்டக்கா எழுந்து கை கழுவப் போகும்போது, "சரி, நீ சொல்லிட்ட. அப்புறம் என்ன" என்றாள்.

இன்றைக்கு மாலைவரை மகள் வரவில்லை. நாலரை மணிக்குத் தம்மு வந்தான். தலையில் ஆபரேஷன் தொப்பியைக் கழற்றாமல் வந்திருந்தான். நேராகப் போய்த் தன் வழக்கமான பெட்டிமுன் உட்கார்ந்தான். திரையைப் போடவில்லை. இருட்டுத் திரையில் அவன் முகம் தெரிந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"இருக்காங்க" என்றான். "உயிரோட இருக்காங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"பெரியவர் பக்கத்து மேஜைக்குக் கூப்பிட்டாங்கன்னு போனாரு. எட்டு நிமிஷம். நான் காத்திருந்திருக்கலாம்." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெளிவா தெரிஞ்சது அக்கா. எப்பவும் இருக்கற எடத்துலயே இருந்தது. கிளிப் போட்டேன். வெட்டினேன். அப்புறம் மேல இருந்து இன்னொண்ணு வருது. இன்னொரு குழாய் அங்க இருக்கவே கூடாது."

அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் அடி எப்படிப் பச்சையாகும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றைப் பெரிதாகத் திறந்து, பெரியவர் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். பெரிய குழாயில் ஒரு துண்டே போய்விட்டது. இப்போதைக்கு இணைக்க முடியாது. பித்தநீர் வெளியே வர வயிற்றோரம் ஒரு டியூப் வைத்திருக்கிறார்கள். புண் ஆறிய பிறகு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து, குடலை மேலே கொண்டுபோய் இணைக்க வேண்டும். அதுவரை காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும்.

"ரெண்டாவது அச்சு" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சின்னப் பையன் மாதிரி இருந்தான். இருபத்தெட்டு வயது.

அன்றைக்கு அவள் படியிறங்கிப் போனாள். ஐந்து மாடி. மறுநாளும் படிதான். லிஃப்டில் ஏறினால் ஸ்டூலைப் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடி வரும்போது லிஃப்டக்கா கிடக்கும் வார்டின் கதவு தெரியும். அங்கே மட்டும் சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு ஏறினாள்.

வீட்டில் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் வாயையும் கிளறுகிறவர் இல்லை.

"நீ பொம்மைதானே செஞ்ச. கத்தியை நீயா புடிச்ச?" என்றார்.

"நான்தான் அவன்கிட்டப் படுக்கச் சொன்னேன்."

"நல்லா பண்றான்னு தோணிச்சு, சொன்ன. நல்லா பண்ணலன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

நோட்டைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. முப்பது வருடமாக அந்த மனிதரிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. அவர் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி, "தண்ணி குடி" என்றார்.

ஐந்தாம் நாள் மதியம் தம்மு வந்தான். விசாரணை முடியும்வரை அவனை ஆபரேஷன் அறைக்குள் விடவில்லை.

"ரெண்டாவது அச்சு குடுங்கக்கா."

அலமாரியில் மூன்று இருந்தன. முதலாவதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவன் தம் கட்டவில்லை. சாதாரணமாக மூச்சு விட்டான். படலத்தை விலக்கினான். நிறுத்தினான். மறுபடி விலக்கினான். பையின் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். பதினாறு நிமிடம் ஆயிற்று. கடைசி நேரத்தில் கை அவசரப்பட்டது. அடி பச்சையாயிற்று. கழுவி வைத்தான். இரண்டாவது பொம்மையில் இருபத்தோரு நிமிடம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மூன்றாவதிலும் கசியவில்லை.

மூன்று பொம்மை. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. மேஜைமேல் மூன்றும் ஈரமாக வரிசையில் இருந்தன.

"நாளைக்கு விசாரணை" என்றான். "நான் சொல்லிடட்டுமா அக்கா?"

"என்னன்னு?"

"நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்கன்னு. நோட்ல இருக்கறது உண்மை இல்லன்னு."

ஜன்னலுக்கு வெளியே கட்டடத்தின் பின்பக்கம் தெரிந்தது. யாரோ படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு விரிப்பு கம்பியிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து உதறி மறுபடி போட்டார்கள். அவள் அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரிட்டையராக இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்றாள்.

தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. சொன்ன பிறகு அது கூடத்தில் நின்றது. தம்மு அவள் கையைப் பார்த்தான். விரல் இடுக்குகளில் சிவப்புச் சாயம் எப்போதும் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சரி என்கிற மாதிரி தலையை அசைத்தான். மூன்று பொம்மைகளையும் ஒருமுறை துணியால் துடைத்து வைத்துவிட்டுப் போனான்.

விசாரணை மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவி. மேஜைமேல் பொம்மையக்காவின் நோட்டு.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

துறைத்தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில் முனையால் தம்முவின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. பக்கத்திலிருந்தவர்கள் காத்திருந்தார்கள். யாருடைய போனோ மேஜையில் அதிர்ந்து அடங்கியது.

"நூத்தி அறுபத்தி நாலு. அதுல பதினாறு ரெண்டாவது அச்சு. பத்துக்கு ஒண்ணு. சரியா இருக்கு." நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தாள். "பயிற்சியில குறை இல்ல. பழகின ஆளுக்கும் நடக்கக்கூடியதுதான். அந்த அம்மாவோட அமைப்பு அப்படி."

மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். பெரியவர் போன எட்டு நிமிடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பொம்மையக்காவிடம் கேட்க அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் எழுந்தாள். கதவுவரை போனபோது துறைத்தலைவி கூப்பிட்டாள்.

"உங்களை மாதிரி ஒழுங்கா நோட்டு எழுதறவங்க இந்தக் கட்டடத்துல வேற யாரும் இல்ல. சொல்லணும்னு தோணிச்சு."

வெளியே பெஞ்சில் தம்மு உட்கார்ந்திருந்தான். அடுத்து அவன்தான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனான். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது, அடுத்த வாரம் அவன் மறுபடி ஆபரேஷன் அறைக்குள் போனபோது அவளுக்குத் தெரிந்தது. ஐந்தாவது மாடிக்கு அவன் வரவில்லை.

அவள் பொம்மை செய்துகொண்டிருந்தாள். புது விதி ஒன்றும் வரவில்லை. பத்துக்கு ஒன்று என்பது பத்துக்கு ஒன்றாகவே இருந்தது. அவள் மட்டும் பத்துக்கு மூன்று கொடுத்தாள். நோட்டில் உள்ளபடி எழுதினாள். நேரம் ஏறுகிறது என்று இளம் டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு பெண், "என்ன பொம்மையக்கா, எங்க மேல என்ன கோவம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பார்த்துப் பண்ணும்மா என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்கு அது கோபமாகவே பட்டிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் லிஃப்டக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினைந்தாம் நாள் விட்டது. பதினெட்டாம் நாள் மறுபடி வந்தது. இதெல்லாம் பொம்மையக்காவுக்குப் படிக்கட்டில் எதிர்ப்படும் நர்ஸுகள் சொல்லித் தெரியும். ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் மட்டும், "நீங்க வந்தீங்களான்னு கேட்டாங்க" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் மகள் ஐந்தாவது மாடிக்கு வந்தாள். துணிக்கடையில் வேலை செய்கிறவள். மூன்று வாரமாக விடுப்பு. கூடத்தின் வாசலிலேயே நின்றாள். பெட்டிகளைப் பார்த்தாள், அலமாரியில் வரிசையாக இருந்த கல்லீரல்களைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம் பெரியம்மா. குழாய் இணைக்கறதுக்குன்னே அங்க ஒரு டாக்டர் இருக்காராம். காய்ச்சல் முழுசா விடல. இருந்தாலும் இனிமே தள்ளிப்போட முடியாதாம்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

மகள் லிஃப்டை அழைத்தாள். வேறு வழியில்லை. கதவு திறந்தது. ஸ்டூல் அப்படியே இருந்தது. துண்டை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். இருவரும் ஸ்டூலைத் தொடாமல் இரண்டு பக்கமும் நின்றார்கள். நான்கு, மூன்று என்று எண் மாறியது.

லிஃப்டக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தோல் மஞ்சளாக இருந்தது, கண்ணின் வெள்ளை அதைவிட மஞ்சள். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியில் ஒரு பை தொங்கியது. வயிற்றிலிருந்து வந்த டியூப் அதில் இறங்கியது. பையில் பச்சைத் தண்ணீர். பொம்மையக்கா பதினான்கு வருடமாகக் கலக்கும் பச்சைதான். பழைய டாக்டர் ஒருவர் கொடுத்த படத்தைப் பார்த்துக் கலந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சரியாகத்தான் வந்திருக்கிறது.

"வா அஞ்சாவது. எறங்கி வர இத்தனை நாளாச்சா?"

குரல் மட்டும் பழைய குரல். பொம்மையக்கா கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"லிஃப்டை யாரு பாத்துக்கறா?"

"யாரும் இல்ல. அவங்கவங்களே அமுக்கிக்கறாங்க."

"நெனச்சேன். இத்தனை வருஷம் நான் உக்காந்திருந்தது எதுக்குன்னு இப்பத்தான் அவங்களுக்குக் கேள்வி வரும்." சிரிக்கப் பார்த்தாள். வயிறு வலித்து நிறுத்திக்கொண்டாள். "சாப்பிடறியா ஒழுங்கா?"

"ம்."

"பாதிதான் சாப்பிடுவ. எனக்குத் தெரியும்."

மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த கட்டிலில் ஒரு வயதான பெண் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் தரையில் கட்டில் கால்வரை வந்திருந்தது.

"தம்மு தெனம் வரான்" என்றாள் லிஃப்டக்கா. "கால்மாட்டுல வந்து நிப்பான். ஒண்ணும் பேசமாட்டான். தம் கட்டிக்கிட்டு நிப்பான். விடுடா விடுடான்னு நான்தான் சொல்லணும். எளைச்சுப் போயிட்டான் பாவம். நீ அவனை ஒண்ணும் சொல்லாத."

"சொல்லல."

"மூணாவது வந்து எல்லாம் வெளக்கிச் சொன்னாங்க. தப்பு யார் மேலயும் இல்லயாம். எனக்கு உள்ள எல்லாருக்கும் இருக்கற மாதிரி இல்லயாம். குழாய் போய் ஒட்டிக்கிட்டிருக்காம். அதான் அவனுக்குத் தெரியலயாம்." மூச்சு வாங்கினாள். "அம்பத்தாறு வருஷம் இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கோணல்னு எனக்கே தெரியாது. அவன் என்ன பண்ணுவான்."

பொம்மையக்கா பிடித்திருந்த கையை விடவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அவளிடம் இருந்தன. படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் இத்தனை நாளும் அடுக்கி வைத்தவைதான். எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் தெரியவில்லை. ஜன்னலருகே நின்ற முதுகிலிருந்தா, நோட்டிலிருந்தா, நாலு வருஷத்திலிருந்தா. டியூபில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, பைக்குள் விழுந்தது.

லிஃப்டக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து பொம்மையக்கா மெல்ல எழப்போனாள். கை அவளை விடவில்லை. மஞ்சள் கண் மறுபடி திறந்தது. அதில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. சாப்பிடும் நேரத்தில் ஊர்க்கதை கேட்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன் அஞ்சாவது. நூத்தி அறுபது பொம்மை பண்ணான்னு சொன்னியே. அதுல ஒண்ணுகூடவா என்ன மாதிரி வரல?"